டிரெய்லர் இழுக்கும் டிராக்டரில் பின்புறக் கேமரா: புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தை மாதம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், ஒரத்தநாட்டிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை எந்தச் சாலையில் போனாலும் நெல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களைப் பார்க்கலாம். அந்த டிரெய்லரை முன்னோக்கி இழுத்துச் செல்வதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பின்னால் எடுப்பதற்குத்தான் ஒரு பருவமே தேவைப்படுகிறது. டெல்டாவில் பின்னால் எடுக்காமல் எந்த வேலையும் முடிவதில்லை. ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் வயலுமாக ஓடும் கரைச் சாலைகளில் வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. களத்துக்குப் போகும் சந்துகள் ஒரு வண்டி அகலமே உள்ளவை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க, நடுவில் கிடைக்கும் இடைவெளிக்குள் டிரெய்லரைப் பின்பக்கமாகச் செலுத்தித்தான் மூட்டை இறக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற எச்சரிக்கை சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. அதனுடன் கேமராவும் பல கார்களில் வந்துவிட்டதால், கார் ஓட்டிப் பழகிய இளைஞர்கள் வீட்டு டிராக்டருக்கும் ஒரு கேமரா வாங்கிப் பொருத்த விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் காரில் கற்ற பழக்கம் டிரெய்லரில் பல இடங்களில் தவறாக வழிநடத்தும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். திரையில் தெரியும் படத்தை நம் வண்டிக்கு, நம் களத்தில் வைத்து அளந்து பார்க்காமல் நம்பினால், கேமரா இல்லாதபோது இருந்த எச்சரிக்கை உணர்வையும் இழந்துவிடுவோம். ஆகவே வாங்குவதில் தொடங்கி அளப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

எத்தனை கேமரா, எங்கே

டிராக்டரின் பின்பக்கம் ஒன்று, டிரெய்லரின் வால்பகுதியில் ஒன்று என இரண்டு கேமராக்கள் தேவை. வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறவர்களிலும் சிலர் இந்த இரட்டை ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் இரண்டு கேமராக்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கானவை. முதலாவது, டிரெய்லரை மாட்டும்போது கொக்கியையும், இரண்டையும் இணைக்கும் இரும்பு ஆணியான ‘பின்’ போடும் துளையையும் பார்ப்பதற்கு. இரண்டாவது, மாட்டிய பிறகு வால்பகுதிக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பதற்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம், டிராக்டரின் பின்பக்கக் கேமராவை முதலில் வாங்குங்கள் என்றே சொல்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் டிரெய்லரை மாட்டும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். மாட்டு வண்டியின் ஏர்க்காலைப் போல முன்னால் நீண்டிருக்கும் இழுவைத் தண்டை ஒருவர் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று, "வரலாம்ணே, வரலாம்... இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், டிராக்டர் அவரை நோக்கிப் பின்னால் வரும். கிளட்சிலிருந்து கால் ஒரு நொடி நழுவினால் அந்த மனிதர் இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்கிவிடுவார். கேமரா இருந்தால் அவர் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இழுவைத் தண்டைத் தாங்கியின் மேல் சரியான உயரத்தில் நிறுத்திவிட்டு, தண்டின் முனையிலுள்ள வளையத்தில் வெள்ளைப் பெயின்ட் அடையாளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை டிராக்டரின் நடுக்கோட்டில், கொக்கிக்கு நேர் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். பிறகு திரையில் அந்த வெள்ளை அடையாளம் கொக்கியின் துளையை நெருங்கி வருவதைப் பார்த்தபடி நீங்கள் ஒருவரே வண்டியைப் பின்னால் கொண்டுவந்துவிடலாம். துளையும் வளையமும் நேரானதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பின்னைச் சொருகிப் பூட்டுங்கள். உதவிக்கு இருப்பவர் பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும்.

டிரெய்லரின் கேமராவை எங்கே பொருத்துவது என்பது டிரெய்லரின் வகையைப் பொறுத்தது. ஹைட்ராலிக்கில் தூக்கிக் கொட்டும் டிப்பர் என்றால் பின்கதவில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. கதவு திறந்து ஆடும்போது கேமராவும் வயரும் போய்விடும். தொட்டி மேலே எழுந்தாலும் அசையாமல் கீழே நிற்கும் சட்டத்தின் குறுக்குக் கம்பியே அதற்கு இடம். தூக்காத சாதாரண டிரெய்லரில் பின்சட்டத்தின் மேல்விளிம்பு நல்ல இடம். உயரத்திலிருந்து பார்ப்பதால் தரையின் தூரம் தெளிவாகப் புரியும். ஆனால் வைக்கோல் ஏற்றினால் மேல்விளிம்பைத் தாண்டி வைக்கோல் தொங்கி லென்ஸை மறைக்கும். வைக்கோல் வேலை அதிகம் உள்ளவர்கள் அதையும் யோசித்து இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். எங்கே வைத்தாலும் பின்விளக்கு, பிரதிபலிப்பான், எண் பலகை ஆகிய மூன்றில் எதையும் கேமரா மறைக்கக் கூடாது.

வாங்கும்போதும் வயர் இழுக்கும்போதும்

ஐ.பி. 67 என்ற தர அடையாளம் உள்ள கேமராவையே வாங்குங்கள். தூசி உள்ளே புகாமலும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் சிறிது நேரம் மூழ்கினாலும் கெடாமலும் இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள். சேற்று வயலும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் அதற்குக் குறைந்தது நிலைக்காது. திரை 7 அங்குலம் இருந்தால் போதும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும். மேற்கூரையில்லாத டிராக்டரில் பகல் பதினோரு மணி வெயிலுக்குத் திரை வெறும் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். திரையின் மூன்று பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குத் தகரத்திலோ தடித்த ரப்பரிலோ மறைப்பு வைத்துக்கொள்வது நல்லது.

வயர் இல்லாத கேமராவையே பலர் விரும்பிக் கேட்கிறார்கள். பொருத்துவது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. நடுவில் இரும்புத் தொட்டி மறித்தால் படம் உறையும், சிலவற்றில் நிகழ்வுக்கும் படத்துக்கும் இடையே ஒரு சிறு தாமதம் இருக்கும். உறைந்த படம் அமைதியாக, யாரும் நடமாடாத இடம்போலத் தெரியும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆகவே வயர் உள்ளதையே பரிந்துரைக்கிறேன், அதிலும் திருகி இறுக்கும் 4 முனை இணைப்பு உள்ளதை.

மின்சாரத்தை வேலை தெரிந்த எலக்ட்ரீசியனைக் கொண்டு எடுப்பது நல்லது. நீங்களே செய்வதானால், முதலில் உங்கள் டிராக்டரின் பேட்டரி 12 வோல்ட்தானா என்று பாருங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் வைத்து எடுங்கள். கேமராவும் திரையும் சேர்ந்து அதைவிடக் குறைவாகவே இழுக்கும். காரில் ரிவர்ஸ் விளக்கின் வயரோடு கேமராவை இணைப்பார்கள். டிராக்டர்கள் பலவற்றில் ரிவர்ஸ் விளக்கு இருக்காது என்பதால், தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வதே எளிது. எர்த் வயரையும் தனியாக இழுக்க வேண்டும். கொக்கியும் பின்னும் உரசும் வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் படம் விட்டுவிட்டு வரும்.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் வயர் தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலான பழுதுகள் வருகின்றன. வயரைக் கட்டிய பிறகு வண்டியை இடப்பக்கம் முழுதாக வளைத்து ஒருமுறை, வலப்பக்கம் முழுதாக வளைத்து ஒருமுறை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் வயர் விறைக்கவும் கூடாது, உட்பக்கத்தில் தரையைத் தொடவோ பின்சக்கரத்தை உரசவோ கூடாது. கருவிகளுக்கு விசை கொடுக்க டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு அருகில் அது போகவே கூடாது. டிரெய்லரைக் கழற்றும்போது இணைப்பின் வாயை ரப்பர் மூடியால் மூடி, தண்டின் மேல் சுற்றி வைத்துவிடுங்கள். மூடாமல் சேற்றில் போட்ட இணைப்பு அடுத்த மழைக்குள் பச்சை பூத்துவிடும்.

துண்டும் சுண்ணாம்பும்

பொருத்தி முடித்ததும் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் களத்தில், காலி டிரெய்லரோடு, ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு சிவப்புத் துண்டு போதும். ஒருவரை டிரெய்லரின் இடப்பக்க வால்முனைக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி, துண்டை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இடக்கைப் பக்கம் எதுவோ, திரையிலும் அந்தப் பக்கமே துண்டு தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் திரும்பாமல் வருகிறது என்று பொருள். திரையின் அமைப்பிலோ, சில கேமராக்களில் வயரில் இருக்கும் ஒரு சிறு வளையத்தை வெட்டுவதன் மூலமோ இதை மாற்றலாம். எந்த நிற வளையம் எதற்கு என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவதால், கூட வந்த தாளைப் படிக்காமல் கத்தரியை எடுக்க வேண்டாம்.

அடுத்து, திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அணைத்துவிடுங்கள். கேமரா ஒரு குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட சாய்வில், ஒரு காரின் பின்புறம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போடப்பட்ட கோடுகள் அவை. டிரெய்லரோ டிராக்டரோடு இணைக்கும் அந்த ஆணியில் மடங்கும் வண்டி; ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே வால் வேறு திசையில் போகக்கூடியது. அந்தக் கோடுகள் காட்டும் பாதைக்கும் டிரெய்லர் போகும் பாதைக்கும் தொடர்பு இல்லை.

அவற்றுக்குப் பதில் உங்கள் சொந்தக் கோடுகளைப் போட வேண்டும். டிரெய்லரின் வால் முனையிலிருந்து டேப் பிடித்து அளந்து, 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தூரங்களில், டிரெய்லரின் அகலத்துக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இப்போது இருக்கையில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது 2 மீட்டர் கோடு திரையின் பாதிக்கும் மேலே இருந்தது. அதுவரை அந்த இடத்தை நான்கு மீட்டருக்குக் குறையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அகலக் கோணத்தில் பார்க்கும் லென்ஸ் எல்லாவற்றையும் இருப்பதைவிடச் சிறிதாகவும் தொலைவாகவும் காட்டும், ஓரங்களை வளைத்தும் காட்டும். திரையில் ஒவ்வொரு சுண்ணாம்புக் கோடு தெரியும் இடத்திலும் மயிரிழை அகலத்துக்கு வெட்டிய இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள்: 1 மீட்டருக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு மஞ்சள். பிறகு டிரெய்லரில் வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடி பாருங்கள். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் (மூட்டை) ஒன்று 40 கிலோ என்றால், 75 சிப்பம் ஏற்றும்போது 3 டன் ஆகிவிடுகிறது. டயரும், அச்சைத் தாங்கும் வில் பட்டையும் அமுங்கி, கேமராவின் சாய்வு சற்று மாறி, கோடுகள் இடம் பெயர்ந்திருக்கும். மாற்றம் கண்ணில் படும் அளவுக்கு இருந்தால், பார வண்டிக்கான இடத்தையே டேப்பால் குறித்துக்கொள்வது பாதுகாப்பானது.

பின்னால் எடுக்கும் முறை

தொடங்கும் முன், இடப் பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலப் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக டிராக்டரில் உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் கொண்டி போட்டு ஒன்றாக இணைத்துவிடுங்கள். உழவுக்காகப் பிரித்து வைத்ததை மறந்து, பின்னால் எடுக்கும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று டிரெய்லரை மடக்கிவிடும். பிறகு இறங்கி, வண்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றி நடந்து பாருங்கள். கேமரா இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். நடந்து பார்த்தவற்றைத்தான் பிறகு திரையில் அடையாளம் காண முடியும்.

லோ கியரில், எஞ்சின் மெல்ல ஓடும் வேகத்தில், வலக்கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம். மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும் இந்த வேலை, கீழே பிடித்தால் திரையோடு ஒத்துப்போகும். சிவப்புத் துண்டுச் சோதனையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகத்தான்: திரையில் இடப்பக்கம் தெரியும் இடைவெளிக்கு வால் போக வேண்டுமென்றால் கையும் இடப்பக்கமே போகும். வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மெதுவாக எதிர்ப்பக்கம் கொண்டுவந்து டிரெய்லரைப் பின்தொடர வேண்டும்; தாமதித்தால் அது மேலும் மேலும் மடங்கும். மடங்குவதைப் பின்கேமரா காட்டாது, ஏனென்றால் அது டிரெய்லரோடு சேர்ந்தே திரும்புகிறது. திரையில் எல்லாம் நேராகவே தெரியும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பக்கக் கண்ணாடியிலும் திரும்பிப் பார்த்தும்தான் அறிய முடியும். ஆகவே இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி, திரை, பிறகு அசைவு என்ற வரிசையைப் பழகுங்கள். ஒரு டிரெய்லர் நீளம் நகர்ந்ததும் நின்று மறுபடி அதே வரிசை. கோணம் அதிகமாகிவிட்டால் பின்னாலேயே சரிசெய்ய முயலாமல், முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு எல்லைக் கம்பங்களாக உமி நிரப்பிய சாக்குகளை வையுங்கள். இடித்தாலும் எதுவும் சேதமாகாது. இவை எல்லாம் இரண்டு சக்கர டிரெய்லருக்கு. முன்சக்கரங்கள் தனியாகத் திரும்பும் நான்கு சக்கர டிரெய்லரில் மடங்கும் இடம் இரண்டு. அதைக் கேமராவை நம்பிப் புதியவர்கள் நெடுந்தூரம் பின்னால் எடுக்க வேண்டாம், சுற்றி முன்னால் வரும் வழியைத் தேடுங்கள்.

பின்னால் நின்று குரல் கொடுக்க ஒருவர் இருந்தால், அவர் ஒருவர் மட்டுமே கொடுக்கட்டும். கொள்முதல் நிலையத்தில் நான்கு பேர் "ஒடி, ஒடி" என்றும் "நிறுத்து" என்றும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். குரல் கொடுக்கும் அந்த ஒருவர் கண்ணாடியிலும் இல்லை, திரையிலும் இல்லை என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

திரையில் தெரியாதவை

சில ஆண்டுகளுக்கு முன், குறுவை நெல்லை ஏற்றிக்கொண்டு வெண்ணாற்றங்கரைச் சாலையில் எதிரே வந்த வண்டிக்கு வழிவிடுவதற்காகப் பின்னால் எடுத்தேன். மழைவிட்ட மாலை நேரம். திரையில் சாலைக்கு இடப்பக்கம் பச்சையாக, சமமாக, புல்தரைபோல ஓரிடம் தெரிந்தது. இறங்கிப் பார்க்காமல் வாலை அங்கே விட்டேன். அது ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால். இடச்சக்கரம் இறங்கி டிரெய்லர் சாய்ந்தபடி நின்றது. இருட்டிய பிறகு அத்தனை மூட்டையையும் சாலையில் இறக்கித்தான் மீட்க முடிந்தது. சிறிய திரையில் ஆகாயத்தாமரைக்கும் புல்லுக்கும் வேறுபாடு தெரியாது. மழையில் ஊறிய கரை பாரத்தைத் தாங்குமா என்பதும் தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மதகுப் பாலத்தின் விளிம்பில் புல் மண்டியிருந்தால் பாலம் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. கரையோரங்களில் இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்த இடத்துக்கு மட்டுமே வண்டியை விடுங்கள்.

மேலே இருப்பதும் கேமராவுக்குத் தெரியாது. வயல்களுக்கும் களங்களுக்கும் மேலே தொய்ந்து போகும் மின்கம்பிகளை, டிப்பரைத் தூக்கும் முன் அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பக்கத்திலும், லென்ஸுக்கு நேர்கீழேயும் குருட்டு இடங்கள் உள்ளன. சாலையில் காயும் நெல்லைக் காலால் கிளறிவிடும் பெண்களும், டிரெய்லர் நிழலில் உட்காரும் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். கிளம்புமுன் ஹார்ன் அடித்து ஐந்து விநாடி காத்திருங்கள்.

மார்கழி, தை விடியற்காலையில் லென்ஸின் மேல் பனி படிந்து திரை வெளுத்திருக்கும். வெளியே மூடுபனி என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் லென்ஸில் படக் கூடாது. கேமராவின் இரவுப் பார்வை சில மீட்டருக்குத்தான் உதவும் என்பதால், டிராக்டரின் பின்விளக்கை டிரெய்லர் மறைத்துவிடும் நிலையில், டிரெய்லரின் வாலில் வெள்ளை விளக்கு ஒன்றைத் தனிச் சுவிட்சோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்து டிரெய்லரைக் கொட்டகையில் நிறுத்தும்போது திரையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டி வண்டிகளைப் பழுது பார்க்கும் நாட்களில் இணைப்பின் முனைகளைத் துடைத்து, வயரில் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். டயரோ பட்டையோ மாற்றியிருந்தாலும், கேமராவின் திருகு ஒருமுறை தளர்ந்து இறுக்கப்பட்டிருந்தாலும், திரையில் ஒட்டிய டேப்புகளை உரித்துவிட்டு, சுண்ணாம்பையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு களத்தில் கோடுகளை மறுபடி போடுங்கள்.